பட்டுப்போன பலாவும் சாய்ந்த சில்வர் ஓக்கும்: முழுத்தடியில் கட்டிலும் பெஞ்சும் செய்யலாமா?

கேள்வி: நாகலூர்க் காப்பி

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவான காப்பித் தோட்டம் உள்ளது. அப்பா காலமான பிறகு அதை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். தம்பி மலையில் இருக்கிறான். நான் குடியிருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். சென்ற ஐப்பசியில் அடித்த மழைக்காற்றில் இரண்டு சில்வர் ஓக் மரங்கள் வேரோடு சாய்ந்து, காப்பிச் செடிகளின் மீது இன்னும் கிடக்கின்றன. அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளும் போயின. இவை தவிர, காப்பி உலர்த்தும் களத்தின் ஓரத்தில் அப்பா தம் கையால் நட்ட பலா மரம், இரண்டு ஆண்டுகளாகத் துளிர் விடாமல் நின்றபடியே பட்டுப்போய்விட்டது.

விறகுக்கு விலை பேச ஆட்கள் வந்தார்கள். பலாவைக் கேட்டவரிடம் அம்மா "கொடுக்க முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்த மரத்தின் பழத்தைத் தின்று வளர்ந்த எங்களுக்கும் அதை அடுப்புக்கு அனுப்ப மனம் வரவில்லை. எனவே, மரத்தின் உருண்டை வடிவமும் கணுக்களும் அப்படியே தெரியும்படி ஒரு கட்டில், இரண்டு பெஞ்சு, கூடத்தில் போட ஒரு தாழ்வான மேசை ஆகியவற்றைச் செய்து சேலத்து வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம். அமெரிக்க மலைப்பகுதிகளில் உருட்டுக்கட்டைகளைச் சதுரமாக அறுக்காமல் ஒன்றோடொன்று பூட்டிச் செய்யும் கட்டில்களின் படங்களைப் பார்த்த நாள் முதல் இந்த ஆசை இருக்கிறது.

தயக்கத்துக்கும் காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் மலைப்பாதையோரத்துப் பட்டறை ஒன்றில், மரத்தைக் குறுக்காக அறுத்த வட்டத்தை மேற்பலகையாக வைத்த டீப்பாய் ஒன்றை வாங்கினோம். "காட்டு ஈட்டி மரம், தலைமுறைக்கும் நிற்கும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். வாங்கியது கார்த்திகையில். பங்குனியில் ஓர் இரவு தேங்காய் உடைத்தது போன்ற ஓசை கேட்டு எழுந்து வந்து பார்த்தபோது, வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு பிளவு ஓடியிருந்தது. நடுவில் நூல் நுழையும் அளவாகவும் விளிம்பில் என் இரண்டு விரல் நுழையும் அளவாகவும் அது வாய் பிளந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் பட்டைக்கு அடியிலிருந்து மைதா மாவு போன்ற தூள் தரையில் கொட்டத் தொடங்கியது. துடைத்த இடத்தில் மறுநாள் காலையில் மறுபடியும் ஒரு சிறு குவியல் இருக்கும். பட்டறையில் போய்ச் சொன்னபோது, மரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

உண்மையிலேயே அப்படித்தான் இருக்குமா? எங்களிடம் உள்ள பலாவும் சில்வர் ஓக்கும் இந்த வேலைக்கு ஆகுமா? எங்கள் பட்டா நிலத்து மரமேயானாலும் மலையிலிருந்து கீழே கொண்டுவர யாரிடம் என்ன அனுமதி வாங்க வேண்டும்? மரவேலை தெரிந்தவர்களும் காட்டைத் தெரிந்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: உளியோசை

அம்மா, நான் சேலத்தில் மூன்றாம் தலைமுறையாகத் தச்சு வேலை செய்பவன். பலாவை விறகுக்குக் கொடுக்காமல் காத்த உங்கள் தாயாருக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

"மரம் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று உங்களுக்குச் சொன்னது பாதி உண்மைதான். ஈர மரத்தைக் குறுக்கே வட்டமாக அறுத்தால் அது பிளந்தே தீரும். அது தெரிந்தவர் அப்படி அறுத்து விற்கக் கூடாது என்பது மீதிப் பாதி. பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நுண்குழாய்களுக்குள் தங்கியிருக்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது மரத்தின் எடை குறையுமே தவிர அளவு குறையாது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும், குழாய்ச் சுவர்களிலேயே ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அந்த இடத்திலிருந்துதான். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீளவாட்டில் இல்லை என்றே சொல்லலாம். மையத்திலிருந்து விளிம்பை நோக்கிய திசையில் கொஞ்சம் சுருங்கும். ஆண்டு வளையங்களின் போக்கில், அதாவது வட்டத்தைச் சுற்றிய திசையில், அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். சுருக்கம் குறைவான மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேயே முழுவதும் உலரும்போது சுற்றுவாட்டில் 5 சதவீதத்தை ஒட்டியும் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிய வாட்டில் அதில் பாதியும் குறைகிறது. சுற்றளவு குறைகிற அளவுக்கு ஆரம் குறையாததால், உடம்புக்குப் போதாத சட்டையைப் போட்டது போல வெளிப்புறம் இறுகி, முடிவில் ஓரிடத்தில் கிழிந்துவிடுகிறது. நடுவில் நூலளவும் விளிம்பில் இரண்டு விரலளவும் என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

அது ஏன் கார்த்திகையில் பிளக்காமல் பங்குனியில் பிளந்தது என்பதில்தான் நம் ஊர்க் கணக்கு இருக்கிறது. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த மரம் தன்னுள் 16 சதவீதம் அளவுக்கு ஈரம் வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இறங்கினால் அதே மரம் 7, 8 சதவீதத்துக்கு வந்துவிடும். மழைக்கால ஏற்காட்டையும் பங்குனி, சித்திரை மாதத்துச் சேலத்தையும் இந்த இரண்டு முனைகளாக எண்ணிக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் செய்த ஒரு பொருளை, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கி, மின்விசிறி ஓடும் கூடத்தில் வைக்கிறோம். நன்றாக உலர்ந்த 20 அங்குல அகலத் தேக்குப் பலகைகூட இந்தப் பயணத்தில் கால் அங்குலத்துக்கு மேல் ஒடுங்கும். உலராத மரத்தின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தூளைப் பற்றி: அது உளு. மைதா போல மென்மையாக இருந்தால், பெரும்பாலும் மரத்தின் வெள்ளையில் உள்ள மாவுச்சத்தைத் தின்னும் சிறு வண்டினுடைய புழுவின் வேலை. பட்டையை ஒட்டி வெளிறிய நிறத்தில் இருக்கும் பகுதியை நாங்கள் வெள்ளை என்போம். உள்ளே நிறம் ஏறி இறுகியது வைரம். இந்தப் புழு வைரத்தைத் தின்பதில்லை. உங்கள் டீப்பாயின் அடிப்பக்கத்தைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். உண்மையான ஈட்டியின் வைரம் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து, கறுப்பு வரிகளோடு, ஆழம் வரை அதே நிறமாக இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும். சுரண்டியதும் வெளிறிப்போனால் அது சாயம்தான். பட்டையோடு வெள்ளையையும் வைத்துப் பாலிஷ் போட்டவர், பூச்சிக்கு வீடும் உணவும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

அந்த அமெரிக்கக் கட்டில்களுக்கு வருகிறேன். அங்கே ராக்கி மலைத்தொடரில் லாட்ஜ்போல் பைன் என்ற மரம் நெருக்கமாகவும் நேராகவும், கம்பம் நட்டது போல வளர்கிறது. பட்டைவண்டோ காட்டுத் தீயோ அதைக் கொன்றுவிட்டால், குளிர்ந்த வறண்ட காற்றில் அது ஆண்டுக்கணக்கில் நின்றபடியே உலர்கிறது. அந்த ஊர்த் தச்சர்கள் தேடி எடுப்பது அப்படி உலர்ந்த கம்பத்தைத்தான். விழவேண்டிய வெடிப்பு காட்டிலேயே விழுந்து முடிந்திருக்கும், கம்பமும் மெலிது. நம் மலையில் வெப்பமும் மழையும் கறையானும் சேர்ந்து, பட்ட மரத்தை அவ்வளவு காலம் நிற்க விடுவதில்லை. அவர்கள் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான். நம் தச்சர்களுக்குத் திறமை குறைவு என்பதல்ல.

பலா இதில் ஒரு நல்ல விதிவிலக்கு. வீணைக் குடமும் மிருதங்கக் கட்டையும் பலாவில் செய்கிறார்கள். அதன் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. புதிதாக இழைக்கும்போது மஞ்சள் கிழங்கை நறுக்கியது போல இருந்து, ஆண்டுகள் ஏற ஏற வெளிச்சம் பட்டுத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். இரண்டு ஆண்டு நின்று பட்டது என்றால் ஓரளவு ஈரமும் இறங்கியிருக்கும். சில்வர் ஓக் அப்படியல்ல. வெளியே போட்டால் நிற்காது, பூச்சிக்கும் எளிதில் இடம் கொடுக்கும். அதைக் கட்டிலுக்கு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மரங்களின் சுற்றளவையும் நேரான பகுதியின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். எப்படி அறுப்பது என்று அதன் பிறகு சொல்கிறேன்.

மறுமொழி: காட்டுவழி

சகோதரி, சேலம் மாவட்டத்தில் வனத்துறைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆசாரி ஐயா மரத்தைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை; தாள்களைப் பற்றிச் சொல்கிறேன்.

மரம் உங்கள் பட்டாவில் நின்றாலும் மலைப்பகுதியில் அது உங்கள் விருப்பப்படி வெட்டக்கூடியது அன்று. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புக்கென 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமையும் குழுவின் முன் அனுமதியோடுதான் மரம் வெட்ட வேண்டும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கை வெட்ட விரும்புபவர்களும் விண்ணப்பம் கொடுத்துக் காத்திருப்பது இதனால்தான். உங்களுடையவை ஒன்று பட்டது, இரண்டு காற்றில் விழுந்தவை என்பதால், நிலைமையை விளக்கி, பட்டா, சிட்டா நகல்களோடும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடும் ஏற்காடு வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கிடக்கும் நிலையிலேயே ஒவ்வொரு மரத்தையும் வேர்ப்பகுதி தெரியும்படி படம் எடுத்து இணையுங்கள். வெட்டித் துண்டு போட்ட பிறகு, அது விழுந்ததா வீழ்த்தப்பட்டதா என்று எவராலும் சொல்ல முடியாது.

அடுத்தது, கீழே இறக்குவது. 1968-ஆம் ஆண்டின் மரம் கொண்டுசெல்லும் விதிகளின்படி வழிச்சீட்டு தேவைப்படுமா என்பதை அதே அலுவலகத்தில் மரத்தின் பெயர் சொல்லிக் கேட்டு, தேவையென்றால் பெற்ற பிறகே வண்டி பிடியுங்கள். அடிவாரச் சோதனைச் சாவடியில் டாடா ஏஸ் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு தொலைபேசியில் ஆள் தேடிய நல்லவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் திருடவில்லை. ஒரு தாளை வாங்காமல் வந்தவர்கள்.

"காட்டு ஈட்டி" என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. தோதகத்தி என்றும் சொல்லப்படும் அந்த மரம் வைரம் பாய்ந்து பயனுக்கு வர ஒரு மனிதரின் ஆயுள் போதாது. தமிழ்நாட்டில் அதற்கென்றே 1994-இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்தது. 2017 முதல் அதன் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் கீழே விழுந்து கிடக்கும் கட்டையானாலும் எடுத்துவருவது குற்றம். ஆகவே, சாலையோரத்தில் காட்டு மரம் என்று சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார் என்றால் உங்கள் பணம் போகிறது. உண்மை சொல்கிறார் என்றால் காடு போகிறது. இரண்டில் எதற்கும் நாம் துணை போக வேண்டியதில்லை. மரச்சாமான் வாங்கும் எவரும், தடி எங்கிருந்து வந்தது, அதற்கு இரசீது உண்டா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும், பாதிக் கடைகளில் பேச்சு மாறிவிடும்.

இன்னொரு வேண்டுகோள். பட்ட பலாவில் பொந்து இருக்கிறதா என்று தம்பியை ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். குக்குறுவான் தன் அலகாலேயே பட்ட கிளையைக் குடைந்து, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதான வட்டத் துளை போட்டு முட்டையிடும். அது விட்டுப்போன பொந்தில் வேறு சிறு பறவைகள் குடியேறும். தோட்டத்தில் பட்ட மரம் ஒன்று நிற்பது எத்தனை உயிருக்கு இடம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மறுமொழி: வாழவந்தியான்

அக்கா, நான் மலையிலேயே சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ஆசாரி ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சில்வர் ஓக்கை அவ்வளவு தள்ளிவிட வேண்டாம். அது கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நம் காட்டு மரம் அன்று. தோட்டங்களில் நட நட வளர்கிறது. ஒரு பெஞ்சுக்காக ஈட்டியையோ வேங்கையையோ தேடுவதைவிட, நாம் நட்டு நாமே எடுக்கும் இந்த மரத்தைக் கொண்டு செய்யக் கற்றுக்கொண்டால், காட்டுக்கு அது பெரிய உதவி. மையத்திலிருந்து விளிம்பை நோக்கிய வாட்டில் பலகை அறுத்தால், அதன் முகத்தில் மீன் செதில் போலப் பளபளக்கும் புள்ளிகள் வரும்; அந்த அழகு தேக்கில் கிடையாது. 2013-இல் நான் செய்த சில்வர் ஓக் பெஞ்சு எங்கள் வீட்டுத் திண்ணையில், மழை படாத இடத்தில், இன்றும் உறுதியாக இருக்கிறது.

நான் செய்தது இதுதான். அறுத்த வாரமே பட்டை முழுவதையும் உரித்தேன். வெங்காரம் மூன்று பங்கும் போரிக் அமிலம் இரண்டு பங்கும் சேர்த்து, பத்து லிட்டர் வெந்நீருக்கு மொத்தம் ஒரு கிலோ என்ற கணக்கில் கரைத்து, மரம் ஈரமாக இருக்கும்போதே இரண்டு முறை பூசினேன். பிறகு தார்ப்பாயால் இறுகச் சுற்றி மூன்று வாரம் நிழலில் வைத்தேன். ஈர மரத்தில்தான் அந்த உப்பு உள்ளே ஊறிப் போகும். உலர்ந்த மரத்தில் மேலோடு நின்றுவிடும். மழையில் நனைந்தால் கரைந்து போகும் என்பதால் வீட்டுக்குள் போடும் சாமானுக்கு மட்டுமே இது சரி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சில்வர் ஓக்கின் சாறும் தூளும் சிலருக்குத் தோலில் கொப்பளத்தையும் அரிப்பையும் கொடுக்கும். எனக்கே முதல் முறை இரண்டு முழங்கையும் வீங்கிவிட்டன. அதன் பிறகு முழுக்கைச் சட்டையும் முகமூடியும் இல்லாமல் அந்த மரத்தை அறுப்பதில்லை.

பூட்டு வேலையைப் பற்றி ஐயா எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: குறுக்குக் கட்டையின் கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் முனை, நன்றாக உலர்ந்ததாகவும், அது நுழையும் துளை உள்ள கால் அதைவிடச் சற்று ஈரம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கால் உலரும்போது துளை ஒடுங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்ளும். மாற்றிச் செய்தால் ஆறு மாதத்தில் கட்டில் கிறீச்சிடும்.

கட்டிலின் தலைமாட்டில் கம்பி அழி போல மெல்லிய கட்டைகள் வைக்க விரும்பினால், அதற்கு மரமே வேண்டாம். தோட்டத்து வேலியோரம் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி போதும். மாதேஸ்வரன் மலையில் சோளகர் உள்ளிட்ட மக்கள், பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் பயிற்சியோடு, உண்ணிச்செடித் தண்டைத் தண்ணீரில் வேகவைத்து, தோலை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து நாற்காலி செய்கிறார்கள். காட்டை மூடிக்கொண்டிருக்கும் செடி குறையக் குறையக் கீழே புல்லுக்கும் நாற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும். பெருவிரல் பருமன் உள்ள முற்றிய தண்டாகப் பாருங்கள். இளந்தண்டு சுருங்கி நெளிந்துவிடும்.

மறுமொழி: நாகலூர்க் காப்பி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டீப்பாயின் அடியைச் சுரண்டினேன். காகிதத்தின் கனத்துக்குத்தான் கறுப்பு. அதற்குக் கீழே வைக்கோல் நிறம். அது ஈட்டி இல்லை என்று தெரிந்தபோது ஏமாந்த வருத்தத்தைவிட, காட்டில் ஓர் ஈட்டி எங்களுக்காக வெட்டப்படவில்லை என்ற ஆறுதலே பெரிதாக இருந்தது.

தம்பி அளந்து சொன்னவை: பலாவின் சுற்றளவு நெஞ்சுயரத்தில் 64 அங்குலம்; கிளை பிரியும் வரை 9 அடி நேராக இருக்கிறது; ஆனால் சுத்தியலால் தட்டினால் அடியில் இரண்டு அடி உயரத்துக்கு ஓசை பொத்தலாகக் கேட்கிறது. சில்வர் ஓக் இரண்டும் நடுவில் 40 அங்குலச் சுற்றளவு. ஒவ்வொன்றிலும் 24 அடி நேரான தடி தேறும். அவற்றின் பட்டையில் இதுவரை துளைகள் இல்லை. பலாவின் மேல் கிளையில் வட்டத் துளை ஒன்று இருக்கிறது. அதில் பச்சை நிறக் குருவி ஒன்று போய் வருவதாகத் தம்பி சொல்கிறான். வனச்சரக அலுவலகத்தில் கொடுக்க மனு எழுதிவிட்டோம்.

கேட்க ஒன்று இருக்கிறது. மரத்தை மலையிலேயே உலர்த்துவதா, சேலத்துக்குக் கொண்டுவந்து உலர்த்துவதா? மரம் வெட்டத் தேய்பிறை பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதையும் கடைப்பிடிக்க வேண்டுமா?

மறுமொழி: உளியோசை

சில்வர் ஓக்கைப் பற்றி வாழவந்தித் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் பார்த்தவையெல்லாம் மருந்து ஊறாமல் கடைக்கு வந்த தடிகள். மரம் சாய்ந்த இடத்திலேயே இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. பட்டையில் இன்னும் துளை இல்லை என்பதால், அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துச் சொன்னவுடனே, ஒரு நாளும் தாமதிக்காமல் பட்டையை உரித்து மருந்து பூசுங்கள்.

கால் சுற்றளவுக் கணக்கில் ஒவ்வொரு சில்வர் ஓக்கும் 16 கன அடிக்கு மேல் தேறும். 40-இல் கால் பங்கு 10. பத்துப் பத்து நூறு. அதை 144-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்குங்கள். பலாவில் பொத்தலான இரண்டு அடியைக் கழித்து, மீதி 7 அடிக்கு 12 கன அடிக்குச் சற்று மேல் வரும். மர வியாபாரி யாராவது உங்களிடம் விலை பேசினால், இந்தக் கணக்கு உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தே காட்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலாவை உருண்டையாக வைக்க வேண்டாம். 20 அங்குலக் குறுக்களவு உள்ள முழுத்தடி உள்வரை உலர வேண்டுமென்றால் நீங்களும் நானும் காத்திருக்க முடியாது. திறந்த காற்றில் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. மர அறுவை மில்லில் தடியை நீளவாட்டில் நடு மையம் வழியாக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டரை அங்குலப் பலகைகளை, ஓரங்களைச் சதுரமாக்காமல் எடுங்கள். மரத்தின் இயல்பான விளிம்பு வளைவு அப்படியே இருக்கும். தாழ்வான மேசைக்கும் கட்டிலின் தலைமாட்டுக்கும் அந்தப் பலகைகள் போதும். இரண்டு ஆண்டு பட்டு நின்றதால் வெள்ளையைப் பூச்சி தொட்டிருக்கும். அதை வைரம் வரை வாச்சியால் செதுக்கி எடுத்துவிடுங்கள். வட்டத் துண்டு மட்டும் எக்காரணம் கொண்டும் அறுக்க வேண்டாம்.

உருண்டை வடிவம் வேண்டும் என்ற உங்கள் ஆசைக்குச் சில்வர் ஓக்கின் மேல்பகுதி இருக்கிறது. நான்கு, ஐந்து அங்குலக் குறுக்களவு உள்ள நீளங்களைக் கட்டில் கால்களுக்கும் பெஞ்சுக் கால்களுக்கும் முழுதாகவே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் சுவர்ப் பக்கம் வரப்போகும் முகத்தில், மேலிருந்து கீழ் வரை மையத்தைத் தொடும் ஆழத்துக்கு வாளால் ஒரு கோடு அறுத்துவிடுங்கள். சுருக்கம் முழுவதும் அந்தக் கோட்டில் போய் விரியும். கண்ணுக்குத் தெரியும் முகங்கள் பெரும்பாலும் வெடிக்காமல் தப்பிக்கும். கால்களைப் பலகைகள் அளவுக்கு உலர விடாமல் சற்று முன்னதாகவே பூட்டிவிடலாம். கழுந்துக்குத் தம்பி சொன்ன முறை சரியானது. அதற்கு மேல் ஆணி அடிக்காமல், முற்றிய மூங்கில் முளை ஒன்றைக் குறுக்கே இறக்கினால் போதும்.

எங்கே உலர்த்துவது என்று கேட்டீர்கள். முதலில் மலையில், பிறகு சேலத்தில். ஈர மரத்தை எடுத்த எடுப்பில் சேலத்து வெயில் காற்றில் வைத்தால், வெளிப்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாகவே நின்று வெடித்துவிடும். அறுத்த அன்றே இரண்டு முனைகளிலும் சாணியைக் கெட்டியாகப் பூசுங்கள். உருக்கிய மெழுகு கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு விரைவாக வெளியேறுவதால், முனையை மூடாத பலகை முனையிலிருந்தே கிழியத் தொடங்கும். பிறகு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், இரண்டு அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வீதம் ஒரே நேர்க்கோட்டில் வைத்து அடுக்கி, மேலே கூரையும் பக்கங்களில் காற்றும் இருக்கும்படி ஒரு மழைக்காலம் முழுவதும் மலையில் விடுங்கள். அதன் பின் கீழே இறக்கி, கட்டில் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையிலேயே ஒரு கோடை முழுவதும் அடுக்கி வைக்க வேண்டும். பங்குனியும் சித்திரையும் அந்தப் பலகை உங்கள் வீட்டுக் காற்றைக் குடித்துப் பழக வேண்டும். ஈரமானியில் 10 சதவீதத்தை ஒட்டி நின்ற பிறகுதான் நான் உளியைத் தொடுவேன். மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதைவிட விரைவாகச் செய்து தருவதாக யாராவது சொன்னால், உலர்த்தும் சூளை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

தேய்பிறையில் வெட்டுவதை என் தாத்தாவும் அப்பாவும் கடைப்பிடித்தார்கள். உயிருள்ள மரமாக இருந்தால் தை, மாசியில், நீரோட்டம் அடங்கிய காலத்தில் வெட்டுவதை நானும் விரும்புவேன். பட்ட மரத்துக்கு வளர்பிறையும் தேய்பிறையும் ஒன்றே. பொந்தில் பச்சைக் குருவி போய் வருகிறது என்றால், காட்டுவழி ஐயா சொன்ன குக்குறுவானாகத்தான் இருக்கும். இரண்டு ஆண்டு நின்ற மரம் இன்னும் இரண்டு மாதம் நிற்கும். குஞ்சுகள் பறந்துவிட்டன என்று தம்பி உறுதியாகச் சொன்ன பிறகு வெட்டுங்கள். அதற்குள் உங்கள் அனுமதியும் வந்துவிடலாம்.

வெட்டும் நாளில் எனக்குத் தெரிவித்தால் குப்பனூர் வழியாக ஏறி வந்து, மில்லில் வாள் எந்தக் கோட்டில் போக வேண்டும் என்று சுண்ணாம்பால் போட்டுக் கொடுக்கிறேன். ஓரத்தில் கழியும் வைரத்துண்டு ஒன்றை முக்கால் அங்குலக் கனத்தில் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவற்றுக்கெல்லாம் முன்பாக, ஓராண்டுக்குள் அது உலர்ந்துவிடும். அதில் உங்கள் அம்மாவுக்கு ஒரு மணை செய்து தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.